பத்து வெள்ளிக்கும் ரசீது உண்டு

வாசகர் கேள்வி – பதில்

பெண்கள் அமைப்புகளில் தொண்டு செய்வது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றி. எப்படித் திரட்டுவது, யாரிடம் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்கள். காலமெல்லாம் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான். இப்போது பினாங்கில் ஒரு சின்னப் பெண்கள் குழுவுக்குச் சம்பளமில்லாமல் கணக்கு எழுதுகிறேன். ஆகவே சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். பெயர் போடாதீர்கள் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

அக்கா, நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பு நின்றுவிட்டது. பெண்களுக்கு உதவும் அமைப்பில் சேர ஆசை. ஆனால் அங்கே எல்லாரும் வக்கீல், லெக்சரர் என்கிறார்கள். எனக்கு இங்கிலீஷும் தடுமாறும். நான் போய் என்ன செய்யப் போகிறேன்?
– வாசகி, பிறை

உங்களுக்குத் தமிழ் வரும், மலாய் வரும். பிறையில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று தெரியும். இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு எத்தனை மணிக்குப் போன் அடித்தால் வீட்டுக்காரன் பக்கத்தில் இருக்க மாட்டான் என்பதும் தெரியும். லெக்சரருக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அரசாங்க மருத்துவமனைகளில் ‘ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்’ என்று ஒரு பிரிவு உண்டு. 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் முதலில் தொடங்கினார்கள். அடிபட்டு வரும் பெண்ணை டாக்டர், போலீஸ், சமூகநல அதிகாரி என்று ஒவ்வொரு வாசலாக அலைய விடாமல், அவர்களே அவளிருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருகிறவர்கள் மலாயில் கேட்பார்கள், இவள் தமிழில் அழுவாள். ‘வீட்டுல கொஞ்சம் சண்டைங்க’ என்றுதான் நம் பெண்கள் ஆரம்பிப்பார்கள். அதை அப்படியே மலாயில் சொல்லிவிட்டு நிறுத்தினால் அறிக்கையில் சண்டை என்றுதான் விழும். கன்னம் வீங்கியிருப்பதை டாக்டர் எழுதிக்கொள்வார். போன மாதம் கழுத்தைப் பிடித்ததை யார் எழுதுவது? பக்கத்தில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்து, ‘அப்புறம் என்ன நடந்துச்சு? இதுக்கு முன்னாடியும் இப்படி நடந்திருக்கா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மலாயில் சொல்ல வேண்டும். இதற்கு அமைப்புகள் பயிற்சி தருகின்றன. பயிற்சி இல்லாதவரை அந்த அறைக்குள் அனுப்பவே கூடாது.

இன்னொன்று. 2017-இல் குடும்ப வன்முறைச் சட்டத்தைத் திருத்தியபோது அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதைச் சமூகநல அதிகாரியே கொடுக்கலாம், 7 நாள் செல்லும். ஞாயிற்றுக்கிழமை இரவு அடிபட்டவள் திங்கட்கிழமை கோர்ட் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. இதைத் தமிழில், நிதானமாக, இரண்டு தடவை சொல்ல ஆள் வேண்டும். படிவம் மூன்று தாராளம்.

போனவுடனே இந்த வேலையைக் கொடுத்துவிட மாட்டார்கள். நாற்காலி அடுக்கச் சொல்வார்கள், கவர் ஒட்டச் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் செய்யுங்கள். வாய் காக்கத் தெரிகிறதா என்று அப்போதே பார்த்துவிடுவார்கள். அங்கே கேட்டது எதுவும் தொழிற்சாலை கேன்டீனுக்குப் போகக் கூடாது.

கல்லூரித் தோழிகள் நாலு பேர் சேர்ந்து, அடிபட்ட பெண்களுக்காக இன்ஸ்டாகிராமில் நிதி திரட்டுகிறோம். முகத்தை மறைத்துக் காயத்தின் படத்தைப் போட்டால் பணம் நன்றாக வருகிறது. இப்போதைக்கு என் சொந்த பேங்க் கணக்கின் கியூஆர்தான். இது சரியா?
– மாணவி, செந்தூல்

முதலில் படத்தை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

எடுத்தாயிற்றா? நம் சமூகம் சின்னது. முகத்தை மறைத்தால் கையில் கிடக்கும் வளையல் தெரியும், பின்னால் இருக்கும் நாள்காட்டியில் எந்தக் கடை கொடுத்தது என்று தெரியும். செந்தூலில் போட்ட படம் சாயங்காலத்துக்குள் ரவாங்கில் அவள் சித்தப்பா கையில் இருக்கும். அவளே சம்மதித்தாள் என்பீர்கள். ராத்தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிறவர்கள் கேட்டால் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? அதைச் சம்மதம் என்று நான் எழுதிக்கொள்ள மாட்டேன்.

பணம் நன்றாக வருகிறது என்கிறீர்கள். இரக்கப்பட்டுக் கொடுக்கிறவர்கள் அடுத்த தடவை இன்னும் பெரிய காயத்தைக் கேட்பார்கள். நீங்களும் தேட ஆரம்பிப்பீர்கள். வேண்டாம் பிள்ளைகளே. என்ன வாங்க வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று போடுங்கள். ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சீருடையும் காலணியும். கோர்ட்டுக்குப் போய்வர டாக்சி. ஒரு மாதத்துப் பால் மாவு. விலையைப் போட்டு, வாங்கிய பிறகு ரசீதையும் போட்டால், படம் பார்த்துக் கொடுத்தவர்களைவிடப் பொறுமையான ஆட்கள் வருவார்கள்.

சொந்தக் கணக்கில் வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்களைச் சந்தேகப்படவில்லை. இரண்டு மாதம் போனால் எது உங்கள் நாசி லெமாக் காசு, எது அந்தப் பெண்ணின் காசு என்று உங்களுக்கே தெரியாது. குழுவாகவே நடத்த விருப்பம் என்றால் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிந்துகொண்டு, சங்கத்தின் பெயரில் கணக்குத் திறந்து, இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகாதபடி செய்யுங்கள். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்குக் கணக்கோடு அறிக்கை போக வேண்டும். இவ்வளவு சுமை வேண்டாம் என்றால், ஏற்கெனவே பதிவான ஒரு அமைப்பிடம் போய், அவர்களுடைய கியூஆரை வாங்கிப் போடுங்கள். நாலு மாணவிகளுக்கு இரண்டாவது வழிதான் நல்லது என்பேன்.

அடுத்த தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் உண்டியல் ஏந்தி வசூல் செய்யலாம் என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. புண்ணிய காரியம்தானே, யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார் தலைவி. உண்மையா?
– செயலாளர், பாகான் டாலாம்

போலீஸ் கேட்கும். தெருவிலோ வீடு வீடாகவோ வசூல் செய்வதற்கு 1947-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். போலீசிடம் உரிமம் வாங்க வேண்டும். கோயில் இடத்தில் என்றால் நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். தை மாதத்து வேலைக்கு மார்கழியில் ஓடாதீர்கள், தீபாவளிக்கு முன்னாலேயே மனுக் கொடுங்கள்.

உண்டியலுக்கு எண் போட்டு, வாய் தவிர மற்றதையெல்லாம் ஒட்டி முத்திரை வையுங்கள். எந்த எண் யார் கையில் போனது என்று எழுதி வையுங்கள். திறக்கும்போது அதை ஏந்தியவரும் இன்னொருவரும் இருக்க வேண்டும். எண்ணி முடித்த உடனே, டீ குடிக்கப் போவதற்கு முன்னால், தொகையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தைப்பூசத்துக் காசில் பாலும் சந்தனமும் ஒட்டிப் பிசுபிசுவென்று இருக்கும், எண்ணும்போது இரண்டு இரண்டாக வரும். ஒரு பழைய துண்டை நனைத்துத் துடைத்துவிட்டு எண்ணுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், உண்டியலைவிட உதவி எண் அச்சடித்த தாள்களோடு ஒரு மேசை போடுவதே மேல். தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் ஓரமாக இடம் கேளுங்கள். மோர் குடிக்க வரும் பெண் நிற்பாள், தாளைப் பார்ப்பாள். வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது என்று அவள் கண்ணே சொல்லும். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசேயின் எண் 15999, ஐந்தே இலக்கம். ‘போன்ல தையல் அக்கான்னு போட்டுக்கோம்மா’ என்று சொல்லுங்கள். பணம் கொடுக்க வந்த கூட்டத்தில்தான் பணத்தைவிட வேறொன்று தேவைப்படுகிறவளும் நிற்பாள். உண்டியலைக் குலுக்கிக்கொண்டே நடந்து போனால் அவளைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

நிதிக்காக நாங்கள் இருபது பெண்கள் கூட்டு (ஏலச் சீட்டு) பிடித்து, ஒவ்வொரு மாதமும் ஏலத்தில் தள்ளும் பணத்தைக் குழுவுக்கு எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

கூடவே கூடாது. கூட்டு நடத்துவதைத் தடுக்க 1971-இல் தனிச் சட்டமே இருக்கிறது. பெண்களின் உரிமைக்கு இயக்கம் நடத்துகிறவர்கள் போலீஸ் நிலையத்துக்கு வேறு காரியமாகத்தான் போக வேண்டும். அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு அச்சடிக்கும் யோசனை அடுத்து வரும், எனக்குத் தெரியும். அதற்கு 1952-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம் காத்திருக்கிறது. கூப்பன் போட்டு உணவுச் சந்தை நடத்துங்கள். முறுக்கும் சூஜி பிஸ்கட்டும் விற்றதற்கு யாரும் பிடிக்க மாட்டார்கள்.

அரசாங்கத்தில் மகளிருக்கென்று அமைச்சே இருக்கிறது. பிறகு எதற்கு இந்த இயக்கங்கள் மக்களிடம் கையேந்துகின்றன? வெளிநாட்டுப் பணமும் வருகிறது என்கிறார்களே?
– வாசகர், கிள்ளான்

ஐயா, ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மகளிருக்கு அமைச்சு வந்தது 2001-இல். அடிபட்ட பெண்களுக்குத் தங்குமிடம் நடத்தும் டபிள்யூ.ஏ.ஓ. 1982-இல் தொடங்கியது. எங்கள் பினாங்கில் டபிள்யூ.சி.சி. என்ற பெண்கள் உதவி மையம் 1985-இல். அதே 1985-இல்தான் பல அமைப்புகள் ஒன்று சேர்ந்து, வீட்டுக்குள் அடிப்பதும் குற்றம் என்று சட்டம் போடுங்கள் என்று கேட்கத் தொடங்கின. சட்டம் நிறைவேறியது 1994-இல், நடப்புக்கு வந்தது 1996-இல். அமைச்சே இல்லாத அந்தப் பதினொரு வருடமும் அந்தப் பெண்கள் யார் காசில் அலைந்தார்கள்?

பாலியல் தொல்லைக்கு எதிரான கதை இன்னும் நீளம். வேலையிடங்களுக்கு நடத்தை நெறி என்று 1999-இல் ஒன்று வந்தது. முதலாளி விரும்பினால் பின்பற்றலாம், இல்லாவிட்டால் இல்லை. சட்டம் வந்தது 2022-இல். அதன்படி அமைந்த நடுவர் மன்றம் 2024-இல்தான் வேலை தொடங்கியது. இப்போது வக்கீல் வைக்காமலே ஒரு பெண் அங்கே புகார் செய்யலாம், மன்றம் 250,000 வெள்ளி வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். 1999-க்கும் 2022-க்கும் நடுவில் எத்தனை வருடம்? எந்த அறநிறுவனம் ஒரே காரியத்துக்கு அவ்வளவு காலம் பணம் கொடுக்கும்? மாதம் பத்து வெள்ளி கொடுக்கும் அத்தை கொடுப்பார். ‘என்னம்மா, சட்டம் வந்துச்சா?’ என்று கேட்டுக்கொண்டே கொடுப்பார்.

வெளிநாட்டு நிதி சில அமைப்புகளுக்கு வருவது உண்மைதான். கணக்கறிக்கையில் போடுகிறார்கள், வாங்கிப் பார்க்கலாம். அது பெரும்பாலும் ஒரு திட்டத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு என்று வரும் பணம். கூரை ஒழுகினால் அதைத் தொட முடியாது. இரவு போன் எடுக்கிறவரின் சம்பளத்துக்கும் பல சமயம் ஆகாது. அதற்கெல்லாம் நம் ஊர்ப் பணம்தான்.

கையேந்துவது என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்கான தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். என் அப்பா தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுகிறவர். சம்பள நாளன்று லயத்துப் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வியர்வையில் நைந்துபோன நோட்டை அப்பாவின் மேசையில் நீவி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். அதற்கும் முன்னால், 1943-இல், கோலாலம்பூரில் இந்திய விடுதலைக்காக நேதாஜி பேசி முடித்தபோது, பின்னாளில் அவருடைய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார், அப்போது அவர் பதின்வயதுப் பெண். இதையெல்லாம் கையேந்தல் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். நிலத்துக்கும் மொழிக்கும் நாட்டுக்கும் கொடுத்த பெண்கள், கோயில் கோபுரத்துக்கும் பள்ளிக்கூடச் சுவருக்கும் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள், தங்களுக்கென்று ஒரு நிதி கேட்கும்போது மட்டும் ஏன் கணக்கு வழக்கு, வெளிநாடு என்று கேள்வி வருகிறது? கணக்குக் கேளுங்கள், கேட்க வேண்டும். கோபுரத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் குழுவுக்கு 5,000 வெள்ளி தர முன்வந்தார். இரண்டு நிபந்தனை. ஒன்று, மேடையில் பெரிய காசோலையோடு படம் எடுக்க வேண்டும். மற்றொன்றைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: அவர் உறவுக்காரர் மேல் ஒரு கேஸ் இருக்கிறது, அந்தப் பெண்ணுடன் நாங்கள் கோர்ட்டுக்குப் போகக் கூடாதாம். குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வாடகை மூன்று மாதம் பாக்கி.
– பொருளாளர், நிபோங் திபால்

முதல் நிபந்தனையில் தப்பில்லை. அட்டைக் காசோலை எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இருக்கட்டும், சிரித்துக்கொண்டு நில்லுங்கள்.

இரண்டாவதற்காகத்தான் அந்தப் பணமே வருகிறது. அது நன்கொடையில் சேராது, அந்தப் பெண்ணுக்குப் போட்ட விலை. வாங்காதீர்கள். வாய்ப்பேச்சாக மறுக்காமல் கடிதம் எழுதுங்கள். ‘தங்கள் நன்கொடையை எங்களால் ஏற்க இயலவில்லை’, அவ்வளவு போதும், காரணம் எழுத வேண்டாம், அவருக்குத் தெரியும். ஆனால் உங்கள் கூட்டக் குறிப்பில் முழுக் காரணத்தையும், அவர் சொன்ன நாளையும், யார் முன்னிலையில் சொன்னார் என்பதையும் எழுதி வையுங்கள். அந்தப் பெண்ணின் வக்கீலிடமும் இப்படி ஒரு பேச்சு வந்தது என்று சொல்லிவிடுங்கள். கேஸ் நடக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

குழுவில் வாங்கலாம் என்றவர்களைத் துரோகி என்று சொல்லாதீர்கள். வாடகை கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போது பதில் சொல்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குப் பதிலாக ஒரு கணக்கைக் காட்டுங்கள்: 100 பேர், மாதம் 5 வெள்ளி, பத்து மாதம். அதே 5,000. இதற்கு எந்த மேடையும் வேண்டாம். அந்த நூறு பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் ஐந்து வெள்ளிதான் குறையும், யாருக்கும் பயந்து கோர்ட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. நூறு பேரைச் சேர்ப்பது பெரிய வேலைதான், தெரியும். இருபது பேர் ஆளுக்கு ஐந்து பேர் என்று எடுத்துக்கொண்டால் முடியும். வாடகைக்கு வீட்டுக்காரரிடம் நேரில் போய்த் தவணை கேளுங்கள். ஒளிந்துகொண்டால்தான் பூட்டுப் போடுவார்.

தங்குமிடத்துப் பெண்களுக்குக் கொடுக்க என்னிடம் மூன்று மூட்டை பழைய சேலை, சட்டை இருக்கிறது. யாரும் வந்து எடுக்க மாட்டேன் என்கிறார்களே?
– வாசகி, ஜெலுத்தோங்

எங்கும் வைக்க இடமில்லை அம்மா. ஜாக்கெட் இல்லாத சேலையும் பொத்தான் இல்லாத சட்டையும் எல்லா அமைப்பிலும் கூரை வரை கிடக்கின்றன. ஓடி வந்த பெண்ணுக்கு அன்று ராத்திரியே தேவைப்படுவது புது உள்ளாடை, நாப்கின், பல் தூரிகை, குழந்தைக்கு டயப்பர், போன் டாப்-அப். மூட்டையை யாருக்காவது விற்று அந்தப் பணத்தில் இதை வாங்கிக் கொடுங்கள். முதலில் போன் போட்டு என்ன குறைகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு உண்டா?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால் உண்டு, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. அங்கீகார விவரம் அச்சடித்த ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்ற சின்னக் குழுக்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்காது. எங்களுக்குக் கழிவு பார்க்காமல் கொடுங்கள்.

எனக்குக் கூச்ச சுபாவம். எங்கள் குழுவில் ஆளுக்கு ஒரு ரசீதுப் புத்தகம் கொடுத்துவிட்டார்கள். எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. முதலில் மாமியாரிடம் கேட்டுப் பழகு என்கிறார்கள்.
– வாசகி, ஆயர் ஈத்தாம்

லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடை அக்கா எங்கள் குழுவுக்கு மாதாமாதம் கொடுக்கும் பழைய சந்தாதாரர். நான் போனால் கட்டிக்கொண்டிருக்கும் சரத்தை விடமாட்டார், காலால் ஸ்டூலைத் தள்ளிவிடுவார். நான் உதவி பண்ணுங்கள் என்று ஆரம்பிப்பதில்லை. போன மாதம் என்ன நடந்தது என்று இரண்டு வரி சொல்வேன். ஊரும் பெயரும் சொல்ல மாட்டேன், அவரும் கேட்க மாட்டார். பிறகு ‘இந்த மாசம் பத்து வெள்ளி’ என்பேன். தொகையைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ‘முடிஞ்சா குடுங்க, இல்லேன்னா பரவாயில்லை, அஞ்சுகூடப் போதும்’ என்று தாங்களே பேரம் பேசிக் குறைத்துவிடுவார்கள். பூக்கடை அக்கா ஈரக் கையைத் துடைத்துவிட்டு நோட்டை எடுப்பார். ரசீதைக் கார்பன் தாளோடு சேர்த்துத் திருப்பிப் பார்ப்பார், அடியில் விழுந்திருக்கிறதா என்று. ஒரு மாதம் வியாபாரம் சரியில்லை என்று இரண்டு வெள்ளி கொடுத்தார். அதற்கும் ரசீது கேட்டார், கொடுத்தேன்.

நீங்கள் முதல் ரசீதை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். ‘நான் குடுத்திருக்கேன், நீங்களும் குடுங்க’ என்று சொல்லும்போது கூச்சம் பாதி போய்விடும். அடுத்தது, தினமும் பேசும் ஒருவர்: மளிகைக் கடைக்காரர், பிள்ளையின் பள்ளி வேன் ஓட்டுபவர். இல்லை என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, தாளை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மாமியாரிடம் நீங்கள் கேட்க வேண்டாம். குடும்பக் கணக்கும் சங்கக் கணக்கும் ஒரே ரசீதில் ஏறினால் எந்தப் பொருளாளராலும் அதைத் தீர்க்க முடியாது. குழுவில் வேறொருவரை அனுப்புங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன். ஆயர் ஈத்தாம் லக்சா சாப்பிட்டும் நாளாகிறது.